தினமும் இருபது நிமிடம்

"முட்டிய நல்லா அகட்டி ஒக்காரணும்க்கா. வயித்த அமுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, சௌமியா ஈரத்துணியோடு கூடத்தின் மூலையில் குந்தினாள்.

நானும் எதிரே குந்திப் பார்த்தேன். இரண்டு நிமிடத்திலேயே கணுக்கால் இழுத்தது. எனக்கு ஆறாம் மாதம்.

நேற்று காஞ்சிபுரத்தில் டாக்டரம்மா சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். சும்மா படுத்தே கிடக்காமல் நடக்க வேண்டுமாம். தினமும் இருபது நிமிடம் குந்தி உட்கார்ந்து தரை துடைத்தால் சுகப்பிரசவத்துக்கு நல்லதாம்.

என் மாமியார் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வீடு திரும்பும் வழியில் கார் திருப்புலிவனம் தாண்டுவதற்குள் முடிவாகிவிட்டது. பிரசவம் வரை வீடு துடைக்க ஆள் வேண்டாம்.

இன்று காலை சௌமியா வந்ததும் வாசலிலேயே சொல்லிவிட்டார். "நாளைலேர்ந்து நீ வராத. டாக்டரு சொல்லிக்கீறாங்க, இனிமே கீதாவே தொடச்சிக்கும். எப்டி தொடைக்கிறதுன்னு மட்டும் இன்னிக்கி காட்டிக் குடுத்துட்டுப் போ."

நடவு முடிந்துவிட்டது. அறுப்புக்கு இன்னும் இரண்டு மாதம் கிடக்கிறது. அதுவரை அவள் வீட்டு அடுப்பு எரிவது இந்த வேலையால்தான் என்பது அத்தைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சௌமியா "சரிம்மா" என்று மட்டும் சொன்னாள். சண்டை போட்டிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

காட்டித் தருகிறேன் என்று ஆரம்பித்தவள் கூடம் முழுவதையும் துடைத்தாள். அப்புறம் எங்கள் அறை. அப்புறம் நடை. அவள் துடைத்த இடத்தையே நான் பின்னால் நகர்ந்து நகர்ந்து மறுபடி துடைத்தேன். இது யாருக்கு உடற்பயிற்சி என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது.

சமையலறை வாசலில் நின்றுவிட்டாள். அதற்குள் அவள் வருவதில்லை. வராதே என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லாமலே நடக்கிற காரியம் அது.

எனக்குக் கால் மரத்து உடம்பு சாய்ந்தது. சட்டென்று தாங்கிப் பிடித்தாள். ஒரு கையைத் தரையில் ஊன்றி, பக்கவாட்டில் திரும்பித்தான் எழுந்திருக்க வேண்டும் என்று செய்தும் காட்டினாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு இப்படியெல்லாம் நினைக்கத் தெரியும். கேட்கத்தான் தெரியாது.

"இவ்ளோ பக்குவமா ஒனக்கு எப்டி தெரியுது?" என்றேன்.

அத்தை அடுப்புப் பக்கம் திரும்பி நிற்கிறாரா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, நடைப் பக்கம் ஒதுங்கினாள். நாற்று நடப் போகிற பெண்களைப் போல, புடவைக்கு மேல் புருஷனின் முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தாள். அதன் கீழ்ப் பொத்தான்கள் இரண்டைக் கழற்றினாள்.

என்னுடையதைவிடப் பெரிய வயிறு.

"ஏழு முடியப் போவுதுக்கா. பெரியவன் வயித்துல இருந்தப்ப, மாசமா கீறவ வேல செய்யக்கூடாதுன்னு இந்த வூட்டு அம்மாதான் என்னிய நிறுத்திட்டாங்க. அதான் இந்தத் தபா மறச்சிக்கினு வந்தேன். அப்ப என் வயித்தப் பாத்து நிறுத்துனாங்க. இப்ப உங்க வயித்தப் பாத்து நிறுத்துறாங்க."

சொல்லிவிட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டாள். எனக்கு அவமானமாக இருந்தது.

அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "இன்னாம்மா, கத்துக்கினியா?"

சௌமியா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கத்துக்கினேன் அத்த" என்றேன். சௌமியாவின் கையிலிருந்த ஈரத்துணியை வாங்கிக்கொண்டேன்.