டீ பில்
தாராவித் தோல் பட்டறையில் கணக்கைச் சோதிக்க வந்த ஆடிட்டர் விஜயலட்சுமி, தையல் மிஷின்களின் இரைச்சலுக்கு நடுவே டீ பில்களை ஜன்னல் வெளிச்சத்தில் பரப்பிப் பார்க்கிறாள். மூன்று மாதமாக ஒரு நம்பர்கூட விடாமல் வரிசையாக ஓடுகிறது. அந்த டீக்கடைக்கு வேறு ஆளே வருவதில்லையா? எல்லாம் பொய் பில்தான் என்று அவள் எழுதிவிட்டால் பில்களை வாங்கிவைத்த மேஸ்திரி சுடலைக்கண்ணனின் வேலை போய்விடும். "டீக்கு வேற யாரு மேடம் பில் கேக்கா? நம்ம ஆபீசுக்கு வேணும்னுதான் டீக்கடை ஏசுதாஸ் அண்ணாச்சி பில் புக்கே வாங்குனாரு" என்கிறான் அவன். அவள் நம்பவில்லை. அதற்குள் ஏசுதாஸே வந்து ஏழு கிளாஸ் டீயை இறக்கிவைத்து, சட்டைப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, அடுத்த நம்பரில் பில் கிழித்துத் தருகிறார். ஆறு டீ என்றிருக்கிறது. "ஒண்ணு இடிக்கறதே?" என்று சட்டென நிமிர்கிறாள். "அது ஒங்களுக்கும்மா. வந்தவங்களுக்குக் குடுக்குற டீக்கு எதுக்கு பில்லு?" விஜயலட்சுமி பில்களைத் திரட்டி மேஸ்திரியிடம் நீட்டுகிறாள். "ஃபைல்ல வெச்சுடுங்கோ."