சிவப்புப் பெயர்

"இன்னும் நல்லா அழுத்திப் பூசுடா! என் பேரு கீழே ரோட்டுல போற பஸ்ஸுக்கே தெரியணும்."

குடையை ஊன்றி நின்று அதிகாரம் செய்துகொண்டிருந்தாள் குவாட் ஹோங். அவள் மகன் வெய் சியாங் கையில் பிரஷ்ஷோடும் மூக்கில் ஒரு சிவப்புப் பொட்டோடும் திரும்பிப் பார்த்தான்.

"ஏம்மா, போன வருஷம் பெயிண்ட் டப்பாவைத் திறந்ததுக்கே கத்துனீங்களே. 'உயிரோட இருக்கறவளை இப்பவே உள்ளே தள்ளப் பாக்கறியா'ன்னு."

"அது போன வருஷம். பேசாம வேலையைப் பாரு."

பினாங்கின் அந்தப் பழைய மலைச்சரிவு இடுகாட்டில், சீனர்கள் முன்னோர் கல்லறைகளைச் சுத்தம் செய்து படையல் வைக்கும் செங் பெங் நாளின் கூட்டம். ஒவ்வொரு கல்லறை முன்னாலும் ஒரு குடும்பம், ஊதுவத்திப் புகை, வறுத்த பன்றிக்கறி வாசனை.

அப்பா சூன் ஹுவாட் இறந்தபோது அவருக்கும் அம்மாவுக்கும் சேர்த்தே கட்டிய கல்லறை இது. கல்லில் அப்பாவின் பெயர் தங்க நிறத்தில். பக்கத்தில் அம்மாவின் பெயர், அவள் உயிரோடு இருப்பதால் சிவப்பில். பல வருட மழையில் அந்தச் சிவப்பு வெளுத்துப்போய், இருக்கிறதா இல்லையா என்று தடவிப் பார்க்க வேண்டிய நிலை.

வெளுத்த அந்தப் பெயர்தான் ஒரு மாதமாக வெய் சியாங்கின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. பெரியம்மா கோலாலம்பூருக்கே போன் போட்டுச் சொல்லியிருந்தாள்.

"உங்கம்மாவும் அந்த தியோங் ஹோக்கும் வாரா வாரம் ஒரே மேஜையில உக்காந்து நூடுல்ஸ் சாப்பிடறாங்கடா. அவரு இறாலை எல்லாம் பொறுக்கி இவ கிண்ணத்துல போடறாரு. ஊரே பாக்குது!"

தியோங் ஹோக் மனைவியை இழந்தவர். அம்மா அவரைக் கட்டிக்கொண்டு போய்விட்டால் அப்பாவின் பக்கத்து இடம்? காலமெல்லாம் காலியாகவே கிடக்குமா? இன்று கேட்டே விடுவது என்றுதான் ஊருக்கு வந்திருந்தான். வந்தால், அம்மாவே சிவப்புப் பெயிண்ட் வாங்கி வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

இரண்டு வரிசை கீழே ஒரு வழுக்கைத் தலை குனிந்திருந்தது.

"உங்க நூடுல்ஸ் சிநேகிதர் வந்திருக்காரு போல."

"வராம? அவரும் அவரு சம்சாரத்துக்குப் பக்கத்துல தன் பேருக்குப் பெயிண்ட் அடிக்கறாரு. நான்தான் இன்னொரு டப்பா வாங்கிக் குடுத்தேன்."

தியோங் ஹோக் நிமிர்ந்து கையாட்டினார். "தம்பி! மூக்குல ஏன் பூசிக்கறே? உனக்கு இன்னும் கல்லறையே கட்டலைலா!"

வெய் சியாங் வாய்விட்டுச் சிரித்தான். மனைவியின் பக்கத்தில் தன் பெயரை இத்தனை அக்கறையாகப் பூசுகிற மனிதரையா சந்தேகப்பட்டோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

இரண்டாவது பூச்சும் முடிந்தது. அவித்த சிப்பிகளைத் தின்று, வீட்டில் காசு தங்கட்டும் என்ற நம்பிக்கையில் ஓடுகளைக் கல்லறை மேட்டின் மேலேயே வீசினார்கள்.

"அப்பா சாப்பிட்டு முடிச்சாரான்னு கேளுங்கம்மா. கறி ஆறுது, எனக்குப் பசிக்குது."

குவாட் ஹோங் இரண்டு நாணயங்களைக் குலுக்கிப் போட்டாள். ஒன்று பூ, ஒன்று எண். ஆமாம் என்று பதில்.

வெய் சியாங் கறித்தட்டை இழுத்தான். அம்மாவோ நாணயங்களை மறுபடி பொறுக்கி, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போட்டாள். இரண்டும் பூ; அப்படி விழுந்தால் இறந்தவர் சிரிக்கிறார் என்று கணக்கு.

"பாரு, சிரிக்கறாரு," என்றாள். திரும்பவும் போட்டாள். இந்த முறை ஒன்று பூ, ஒன்று எண்.

"அதான் சாப்பிட்டாச்சுன்னு மொதல்லயே சொல்லிட்டாரே. அப்புறம் என்ன கேட்டீங்க?"

"அது புருஷன் பெஞ்சாதி விஷயம். உனக்கெதுக்கு?" என்றவள் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏண்டா, நான் போனா என்னை இங்கேதானே வைப்பே?"

"வேற எங்கே வைப்பேன்? அதைத்தானே நானும்..." அவன் சட்டென்று நிறுத்தினான். "பெரியம்மா கண்டதையும் சொல்லிப் பயமுறுத்திட்டாங்கம்மா. அதை விடுங்க. நீங்க அப்பா பக்கத்துல இருந்தாப் போதும். வேற எதுக்கும் நான் குறுக்கே நிக்க மாட்டேன்."

"எதுக்கும்?"

"எதுக்கும்."

"அப்பா முன்னால நின்னு சொல்றே."

"அப்பா முன்னாலதான் சொல்றேன். போதுமா?"

குவாட் ஹோங் எழுந்து குடையை உயர்த்தி ஆட்டினாள். "ஹோக்! உங்க பேரு காஞ்சிருச்சா?"

"காஞ்சிருச்சு! உங்களுது?"

"இங்கேயும் காஞ்சிருச்சு!"

அவள் மகன் பக்கம் திரும்பினாள். முகத்தில் அந்தப் பெயரின் சிவப்பு கொஞ்சம் ஏறியிருந்தது.

"செத்தப்புறம் யாரு யாரு பக்கத்துலங்கறது இப்ப ரெண்டு வீட்டுக்கும் தெளிவாயிருச்சு, உங்கப்பாவும் சிரிச்சுக்கிட்டே சரின்னுட்டாரு. அதுவரைக்கும் நாங்க ஒண்ணா இருக்கப்போறோம். வர்ற சனிக்கிழமை பதிவு ஆபீஸ்ல கல்யாணம், அந்த மூக்கைக் கழுவிட்டு வந்து சேரு!"