பின்னால் நிற்கிறவர்

புரசைவாக்கத்தில் கோதண்டத்தின் மெஸ்ஸை இடித்து நாற்பது மாடி கட்டினார்கள். கீழ்த்தளத்தில் அதே பெயரில் புது உணவகம். சமையலும் அதேதான், ஆனாலும் பழைய ருசி இல்லை என்றார்கள் சாப்பிட வந்தவர்கள். இடத்துக்காகச் சாப்பிடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் யாரும் காத்து நிற்காததுதான் குறை என்று உணவகத்தின் கணினி கண்டுபிடித்தது. ஒளியில் செய்த ஆட்களை நிறுத்திப் பார்த்தார்கள். அவர்கள் முகத்தில் பசி வரவில்லை. கடைசியில் கோதண்டத்தையே பின்னால் நிற்கிற வேலைக்கு வைத்தார்கள். வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

வேலை முடிந்து வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவருக்குச் சோறு இறங்கவில்லை.

"சகுந்தலா, கொஞ்சம் பின்னால வந்து நில்லேன்."

மனைவி அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சீக்கிரம் எழுந்திருங்க, எனக்கும் பசிக்குது."

கோதண்டம் நிதானமாக இன்னொரு கரண்டி ரசம் கேட்டார்.