முக்கால் கோப்பை

லின் மூகுவாங் கோப்பையின் விளிம்பு வரை தேநீரை ஊற்றி ஹாவ் ஜுன் பக்கம் நகர்த்தினார். கடை வாசலில் சிப்பி ஆம்லெட்டைத் திருப்பிக்கொண்டிருந்த அவர் மகள் ருயின் கரண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

தென்சீனத்து ஊரான சாவோஜோவில் விருந்தாளிக்கு முக்கால் கோப்பைதான் ஊற்றுவார்கள். நிரப்பிக் கொடுத்தால், 'எழுந்து போ' என்று சொல்லாமல் சொல்வதாக அர்த்தம்.

ஹாவ் ஜுன் வடக்கேயிருந்து தெருத் தெருவாகச் சாப்பிட்டுக்கொண்டே ஊர் சுற்ற வந்தவன். போன வருஷம் முதலில் இந்தக் கடை ஆம்லெட்டில் விழுந்தான், அப்புறம் ருயினிடம் விழுந்தான். இன்று பெண் கேட்க வந்திருக்கிறான். கோப்பை வழக்கத்தை அவனுக்குச் சொல்லிக் கொடுத்த புண்ணியவதியும் அவளேதான்.

"எந்த ஊருப்பா?"

"சியான், ஐயா."

"ரொம்ப தூரமாச்சே. வர்ற வழியில என்ன சாப்பிட்டே?"

"ஸ்டேஷன் வாசல்ல மாட்டிறைச்சி உருண்டை சூப்புங்க."

"அதெல்லாம் ஒரு சாப்பாடா?"

மணிக்கட்டு வலி என்று அடுப்பை மகளிடம் ஒப்படைத்த நாளிலிருந்து அவருக்குத் தேநீர் மேஜையே கதி. அவன் குடித்து வைத்த கோப்பையின் விளிம்பை விரலால் தொட்டு வைத்துக்கொண்டு, நிதானமாக இரண்டாம் முறை ஊற்றினார். அதுவும் தளும்பியது.

ருயினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பரம எதிரி வந்து உட்கார்ந்தாலும் அளவு தப்பாத கை அது. இவனுக்கு மட்டும் வேண்டுமென்றே செய்கிறார்.

ஹாவ் ஜுன் விரல் சுடச்சுட அதையும் குடித்தான். அவளைப் பார்த்தான். எழுந்துவிடாதே என்று அவள் கண்ணாலேயே கெஞ்சினாள்.

மூன்றாவது கோப்பையும் நிரம்பியது. அவன் அதைத் தொடவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"நான் கிளம்புறேங்க, ஐயா."

ருயின் கரண்டியை வீசிவிட்டு உள்ளே ஓடி வந்தாள். "பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேப்பா! வீடு தேடி வந்தவரை இப்படியா அவமானப்படுத்துவீங்க?"

"நான் என்னம்மா பண்ணேன்? நல்ல பிள்ளையா இருக்கான், எப்படா கல்யாணப் பேச்சை எடுப்பான்னு காத்துக்கிட்டு இருக்கேன்!"

"மூணு தடவையும் அப்படி ஊத்திட்டு, என்ன பண்ணேன்னா கேக்கறீங்க?"

அவர் முகம் வெளிறியது. மேஜையின் மேல் துழாவிக்கொண்டே போன விரல், நேராகக் கொதிக்கிற தேநீருக்குள் இறங்கியது. வாசற்படியில் ஒரு காலை வைத்த ஹாவ் ஜுன் அப்படியே நின்றுவிட்டான்.

"நிறைஞ்சா போச்சும்மா?"