வெளியேறிய வழி

போக்குவரத்துக் கணக்கெடுப்பில், ரவுண்டானாவுக்குள் நுழையும் வண்டியின் எண்ணை எழுதி, நான்கு வழிகளில் எதில் வெளியேறியது என்று எதிரே குறிப்பது என் வேலை. ஒன்பது பத்துக்கு நுழைந்த 4417 இன்னும் வெளியேறவில்லை. நான் விட்டுவந்த புருஷனின் பைக். பதினோராவது சுற்றிலும் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

“இந்தக் கட்டம் ஏன் காலியா கெடக்கு, பொற்கொடி? தூங்குறியா?” என்று சூப்பர்வைசர் தாளைத் தட்டினார்.

“வண்டி இன்னும் உள்ளயே சுத்துது சார். எனக்காகத்தான் சுத்துறான்.”

“எவனோ சுத்திட்டுப் போறான். எனக்குக் கட்டம் நெறையணும்.”

அவர் அடுத்த முனைக்குப் போனதும் பைக்கின் இடது இண்டிகேட்டர் மின்னியது. வெளியேறிய வழி மூன்று என்று எழுதினேன். நான் நிற்கும் வழி. நேரத்தையும் போட்டேன். குறிப்பு என்ற கட்டத்தில், யாரும் கேட்காத அவன் பெயரை, எனக்கு ஏதாவது ஆனால் தெரியட்டும் என்று, அப்பன் பெயரோடு அழுத்தி எழுதினேன்.