திருப்பி அனுப்பும் மந்திரம்

ஆற்றில் மூழ்கிய இளவரசனை இளவரசி மந்திரம் சொல்லி வரவழைக்கும் தொடர்கதைக்கு வாசகர் கடிதங்கள் குவிந்திருந்தன. ப்ரூஃப் பார்க்கும் கனகவல்லி ஒவ்வொன்றாகப் படித்துக்காட்டினாள்.

"காதல் பிரமாதம்!"

"இளவரசன் சுமார்."

மூன்றாவதில் மை கரைந்திருந்தது. "மந்திரத்தை மூன்று முறை வாய்விட்டுப் படித்தேன். வந்துவிட்டான். கூடத்தில் நிற்கிறான், கவசம் சொட்டுகிறது. திருப்பி அனுப்பும் மந்திரம் எந்த அத்தியாயத்தில் இருக்கிறது?"

எழுத்தாளர் ஆளவந்தார் சிரித்தார். "எவளோ கதை விடுறா. அப்படியொரு மந்திரம் நான் எழுதவே இல்லையேம்மா!"

"இப்பவே எழுதிடுங்க சார்."

"உனக்கென்ன அவசரம்?"

"ப்ரூஃப்னா வாய்விட்டுத்தான் சார் படிப்போம். பத்திரிகைக்கு ரெண்டு தடவை படிச்சேன். புத்தகத்துக்கு இப்பத்தான் மூணாவது."

ஆளவந்தார் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். மாடிப்படியில் ஏதோ சொட்டச் சொட்ட ஏறி வரும் சத்தம் கேட்டதும் பேனாவைத் தேடினார்.