மொத்தமாக மூடுகிறவள்

“ஏன் தாயி, என் டேப்பெல்லாம் உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு? நேத்தும் அத்தனையும் மூடிட்டுப் போயிருக்கியே!”

காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் சகாயராஜ் போட்ட சத்தத்தில், வேலம்பாளையம் பனியன் கம்பெனியின் ஆபீஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

பில் போடும் நாகஜோதி தலையைத் தூக்கவில்லை. “சாரிங்கண்ணா” என்றாள்.

சகாயராஜ் அங்கே மெர்ச்சண்டைசர். துணி வாங்குகிற வெளிநாட்டு பையர்களுக்குப் பதில் சொல்கிற ஆள். திறந்ததை மூடுவது என்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது. கலர் அப்ரூவல், நூல் விலை, பட்டன் கேட்டலாக், கப்பல் எங்கே போகிறது, வேளாங்கண்ணிக்கு ரயிலில் இடம் இருக்கிறதா என்று சகலமும் அவருடைய குரோமில் தனித்தனி டேப்பாகத் திறந்து, புளிமூட்டையாய் அடைந்து கிடக்கும். கேட்டால், அதுதான் என் ஞாபகசக்தி என்பார்.

பிரிண்டர் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. அவர் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு நாகஜோதி அங்கே உட்கார்ந்து லாரிக்கு பில் எடுப்பாள். இந்த வாரம் முழுக்க, அவள் எழுந்து போன பிறகு ஒரு டேப்கூட மிஞ்சவில்லை.

“நீதான் அந்த நரிப் படம் போட்ட ஃபயர்பாக்ஸைத் தவிர வேற எதையும் தொட மாட்டியே. என் குரோமுக்குள்ள உனக்கு என்ன சோலி?”

“கசகசன்னு கெடந்துச்சுங்கண்ணா. அப்படிக் கெடந்தா எனக்கு வேலையே ஓடாதுங்க.”

“அதுக்கு என் பொழப்பை மூடிருவியா? இன்னைக்கு பையருக்குக் கலர் பதில் சொல்லணும். அந்தப் பக்கத்தை நான் எங்க போய்த் தேட?”

சிலருக்கு அடுத்தவர் நிம்மதியாக இருந்தால் பொறுக்காது என்று சகாயராஜ் முடிவு கட்டிவிட்டார். நேரே போய் முதலாளி சுப்பண்ணனையே கூட்டிவந்து நிறுத்தினார்.

“ஏம்மா நாகஜோதி, நானுந்தான் தெனமும் சாயங்காலம் இதுல உக்காந்து ரேக்ளா வீடியோ... மெயிலு பாக்கறேன். நான் எதையாச்சும் மூடறனா?”

“இல்லீங்க.”

“இன்னொருக்கா மூடுனீன்னா பேக்கிங் செக்‌ஷனுக்கு அனுப்பிப்போடுவேன், பாத்துக்க.”

பேக்கிங் என்றால் நாள் பூராவும் நின்றுகொண்டே வேலை. நாகஜோதிக்குக் கண் கலங்கிவிட்டது.

“நீ கவலைய உடப்பா சகாயம். மூடுனதைத் திருப்பி எடுக்கறதுக்கு என்ற மருமவன் ஒரு வித்தை சொல்லிக் குடுத்திருக்கறான்.”

சுப்பண்ணன் குனிந்து, மூன்று விரலால் மூன்று பொத்தானை ஒன்றாக அமுக்கினார். ஒரு டேப் முளைத்தது.

“வந்துட்டு மொதலாளி! நூல் விலை!”

“எப்படி? கடைசியா மூடுனது மொதல்ல வரும். மொதல்ல மூடுனது கடைசியா வரும்.”

முதலாளிக்கு உற்சாகம் தாங்கவில்லை. அமுக்கிக்கொண்டே இருந்தார். பட்டன் வந்தது, கப்பல் வந்தது, வேளாங்கண்ணி ரயிலும் வந்து சேர்ந்தது. கடைசியில் கலர் அப்ரூவலே வந்துவிட, சகாயராஜ் கை தட்டினார்.

“போதுங்க மொதலாளி, எல்லாமே வந்துருச்சுங்க.” நாகஜோதி அவசரமாக மேஜைப் பக்கம் வந்தாள்.

“பாத்தியளா மொதலாளி, வாரதே புடிக்கல இவளுக்கு! நீங்க அமுக்குங்க.”

சுப்பண்ணன் மறுபடி விரலை வைக்கப் போனார். திரை பொட்டென்று இருண்டுவிட்டது.

மேஜைக்கு அடியில் பிளக் கழன்று கிடந்தது. அதன் பக்கத்தில் நாகஜோதியின் கால்.

“தெரியாம கால் பட்டிருச்சுங்க...”

“வேணும்னே பண்ணுதா மொதலாளி!”

“இப்பவே நீ பேக்கிங்குக்குப் போயிரு!” சுப்பண்ணன் விருட்டென்று தன் அறைக்குப் போய்விட்டார்.

ஜெயித்த களிப்போடு சகாயராஜ் பிளக்கைச் சொருகினார். பழைய பக்கங்கள் வேண்டுமா என்று குரோமே கேட்டது. வேண்டும் என்றார். அத்தனையும் வந்தன. கற்றுக்கொண்ட வித்தையைச் சும்மா விடுவானேன் என்று அந்த மூன்று பொத்தானையும் இன்னொரு தடவை அமுக்கினார்.

கடைசி டேப் முளைத்தது. அதில் சகாயராஜே கோட்டு போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

போட்டிக் கம்பெனிக்கான வேலை விண்ணப்பம். இந்த வாரம் தினமும் சாப்பாட்டு நேரத்தில் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி, வழக்கம்போல மூடாமல் விட்டது. இப்போதைய வேலையை விடக் காரணம் என்ன என்று கேட்டிருந்த இடத்தில், ‘முதலாளிக்கு ஒரு மண்ணும் தெரியாது’ என்று எழுதியிருந்தார்.

அவருக்குக் குப்பென்று வியர்த்தது. நாகஜோதியின் கால் மட்டும் பிளக்கில் படாமல் இருந்திருந்தால், இன்னும் ஒரே ஒரு அமுக்கு. முதலாளி அதைப் படித்திருந்தால் இன்றைக்கே வீட்டுக்கு நடையைக் கட்டியிருக்க வேண்டியதுதான்.

நாகஜோதி டிபன் பாக்ஸையும் குடையையும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். சகாயராஜ் முதலாளி அறைக்கு ஓடினார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

“பிளக்கைத் தட்டுனது என் காலுதான்னு சொல்லிட்டேன். வாங்க வேண்டிய ஏச்சையும் வாங்கிட்டேன். நீ எங்கயும் போவாண்டாம்.”

நாகஜோதி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். டிபன் பாக்ஸ் பழைய இடத்துக்கே திரும்பியது.

சகாயராஜுக்கு மனசு ஆறவில்லை. குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“மொதலாளி வந்து உக்காருததுக்கு முன்னாடி மூடணும்னா, இது ஒண்ணை மட்டும் மூடியிருக்கலாமே தாயி? எதுக்கு அத்தனையும் மூடி, என்கிட்ட இம்புட்டு ஏச்சு வாங்குனே?”

“இது ஒண்ணை மட்டும் மூடுனா, நான் பாத்துட்டேன்னு உங்களுக்குத் தெரிஞ்சு போயிருமேங்கண்ணா. அப்புறம் என்ற மொகத்தைப் பாக்கவே நீங்க கூச்சப்படுவீங்கல்ல?”